லண்டன்ல ஸ்கர்ட்டிங், கோவிங் வேலைக்கு ஆள் வைக்கிறவங்க இதைப் படிச்சிட்டு வைங்க

ஹாரோல 1930கள்ல கட்டின வீடு ஒன்னு வாங்கி, போன செப்டம்பர்ல ஹாலுக்கு மட்டும் ஸ்கர்ட்டிங்கும் கோவிங்கும் புதுசா போடலாம்னு ஆரம்பிச்சோம். ஸ்கர்ட்டிங் நம்மூர்ல டைல்ஸ்ல சுவத்தடியில ஒட்டுவாங்களே அதேதான், இங்க மரம் இல்லேன்னா எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்யற) பலகை. கோவிங்னா சீலிங்கும் சுவரும் சேர்ற மூலையில ஒட்டுற வளைவுப் பட்டை.

தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் வந்தாரு, நம்ம தமிழ் ஆளு, "அண்ணா ரெண்டு நாள் வேலைண்ணா, நீங்க ஆபீஸ் போய்ட்டு வாங்க, அக்கா டீ மட்டும் குடுத்தா போதும்"னு அவ்ளோ பணிவு. பொருளோட சேர்த்து 850 பவுண்டு, 400 அட்வான்ஸ், எல்லாமே கேஷ். ரசீது கேக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு, அங்கதான் நான் முட்டாள்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் வந்து பாத்தா பளிச்சுனு வெள்ளையா கல்யாண மண்டபம் மாதிரி இருந்துச்சு, மீதி பணத்தையும் அங்கயே எண்ணிக் குடுத்துட்டேன்.

அக்டோபர்ல ஹீட்டிங் போட்டோம். ஒரு வாரத்துல மூலைக்கு மூலை கோடு விழுந்துச்சு. இந்த மாதிரி பழைய வீட்ல எந்த மூலையும் சரியா 90 டிகிரி இருக்காது, அதனால உள்மூலையில ரெண்டு பலகையையும் 45ல அறுத்துச் சேத்தா இடைவெளி வரத்தான் செய்யும். ஒன்ன நேரா சுவர் வரைக்கும் விட்டுட்டு, இன்னொன்னோட நுனிய முதல் பலகையோட நெளிவுக்கு ஏத்த மாதிரி செதுக்கி அது மேல உக்கார வைக்கணும். இவரு 45ல அறுத்து, சுண்டு விரல் போற சந்து முழுக்க காக் (caulk, டியூப்ல வர்ற சந்து அடைக்கிற பசை) பீச்சி, அது காயறதுக்குள்ள பெயிண்டும் அடிச்சிட்டாரு. காக் காஞ்சா சுருங்கும், மேல இருக்கிற பெயிண்ட் வெடிக்கத்தானே செய்யும்.

அது மட்டுமா, தரையைத் துடைச்சா துணியில வெள்ளையா வருது, ஏன்னா பலகைக்கு மரத்துக்கு அடிக்கிற சாட்டின்வுட் பெயிண்ட் அடிக்காம சுவத்துக்கு அடிக்கிற எமல்ஷன்ல மிச்சம் இருந்தத தடவியிருக்காரு. அறுத்த முனைக்கு பிரைமரே கிடையாது, ஈரம் பட்டு அந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி உப்பிக்கிச்சு.

இதெல்லாம் கூட விட்ருவேன். நவம்பர்ல ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டமால்னு சத்தம், திருடன்னு நினைச்சு எறங்கி வந்தா ஒரு முழு நீளக் கோவிங் சோஃபா மேல கெடக்கு. பகல்ல பையன் உக்காந்து கார்ட்டூன் பாக்கிற இடம் அது. திருப்பிப் பாத்தா பின்னாடி பசை நல்லா கெட்டியாத்தான் இருக்கு, பசை மேல பழைய ஓனரோட ரோஜாப்பூ வால்பேப்பர், அப்படியே சுவத்த விட்டு உரிஞ்சு வந்திருக்கு. பேப்பரக் கிழிச்சு, பிளாஸ்டரைக் கீறி விட்டு ஒட்ட அரை நாள் ஆகியிருக்கும், அந்த அரை நாள மிச்சம் புடிச்சிருக்காரு.

போன் பண்ணா "நாளைக்கு வரேண்ணா", அப்புறம் நீல டிக் மட்டும். இங்க 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்படி வேலைய ஒழுங்கா திரும்பச் செஞ்சு தரச் சொல்ல உரிமை இருக்கு, முடியலேன்னா விலை குறைக்கச் சொல்லலாம், ஸ்மால் கிளெய்ம்ஸ்னு சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்டுக்குக் கூட போலாம். ஆனா கேஷா குடுத்தத நிரூபிக்க என்கிட்ட இருக்கிறது நாலு வாட்ஸ்அப் மெசேஜ்தான். அதையே வச்சு லெட்டர் அனுப்பியிருக்கேன், பாப்போம்.

நீங்க யாரை வச்சாலும் காக், பெயிண்ட் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை நின்னு மூலைய வெறும் பலகையா பாருங்க, போட்டோ எடுங்க, பணத்தை பேங்க்ல போடுங்க. அந்த ஆள் பேரை இங்க போடல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க. இப்ப வேற கார்ப்பென்டர் ஒருத்தர் வந்து எல்லாத்தையும் பேத்துட்டு இருக்காரு, முதல் மூலைய உரிச்சதும் உள்ள இருந்து முழ நீளத்துக்கு ரப்பர் மாதிரி இருந்த அந்தக் காக் பசைய உருவி என் கையில குடுத்தாரு.