வெளியிடத்தில் ஸ்ட்ராங் காபி: ஃபில்டரா, மோக்கா பாட்டா?

மதுரை பக்கத்துக் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்து ஆலமர நிழலுக்குக் கட்டுச்சோறோடு கிளம்பும்போதெல்லாம் வீட்டில் இதே பேச்சுதான். மோக்கா பாட் என்பது அடுப்பில் வைக்கும் காபி பாத்திரம்; கீழறை நீர் ஆவி அழுத்தத்தில் தூள் வழியே மேலறைக்கு ஏறிக் காபியாகும். இரண்டிலும் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டேன்.

நேரம்: ஃபில்டரில் டிகாஷன் இறங்க 20 நிமிடமாவது ஆகும். மோக்காவில் 5 நிமிடம் போதும், ஆனால் அடுப்பை விட்டு நகரக்கூடாது.

அடுப்பு: ஃபில்டருக்கு பிளாஸ்க் வெந்நீரே போதும், சூடு குறைந்திருந்தால் மட்டும் டிகாஷன் நீர்த்துப்போகும். மோக்காவுக்குக் கையடக்க கேஸ் அடுப்பு கட்டாயம். காற்றடித்தால் மறைப்பும் வேண்டும்.

தூள்: இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம்மூர் ஃபில்டர் தூளில் சிக்கரி இருக்கும். அது நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும். அதனால்தான் டிகாஷன் அவ்வளவு கெட்டி. அதே தூளை ஒருமுறை மோக்காவில் அழுத்தி நிரப்பிவிட்டேன். நீர் மேலே ஏறவே இல்லை. சேஃப்டி வால்வு வழியாக உஸ்ஸென்று ஆவி சீறியது. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள், பதறிப்போய் அடுப்பை அணைத்தேன். சிக்கரி கலக்காத தூளைச் சற்றுப் பெருவெட்டாக அரைக்கச் சொல்லி வாங்குங்கள். அழுத்தாமல் நிரப்புங்கள். நீர் வால்வுக்குக் கீழேயே நிற்கட்டும்.

ருசி: 1933இல் இத்தாலியில் பிறந்த மோக்கா, பாலில்லாக் கடுங்காப்பிக்கு அருமை. பால் சேர்ந்தால் எனக்கு ஃபில்டர்தான்.

ஆறேழு பேர் போனால் விடியற்காலையிலேயே டிகாஷன் இறக்கி, சுடுபாலைத் தனி பிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், கடுங்காப்பிப் பிரியர்கள் என்றால் மோக்கா.