ஊர்க்கூட்டமா, கட்சித் தேர்தலா? வஹாக்காவின் இரண்டு வழிகள்

தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் 570 நகராட்சிகள் இருக்கின்றன. பேருக்குத்தான் நகராட்சி, பல இடங்களில் சில நூறு வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு கூடைப்பந்து மைதானம், அவ்வளவுதான். இவற்றில் 153-இல் கட்சிகள் போட்டியிட்டு, வாக்குச்சீட்டில் தலைவர் தேர்வாகிறார். மற்ற 400-க்கும் மேற்பட்ட ஊர்களில் கட்சிக்கு வேலையில்லை. ஊர்க்கூட்டம் கூடும், கை தூக்கியோ, கரும்பலகையில் பெயருக்கு நேரே கோடு போட்டோ ஆளை முடிவு செய்வார்கள். 1995-இல் மாநிலச் சட்டமே இதை ஏற்றுக்கொண்டது.

கட்சி முறையில் பணமும் செல்வாக்கும் இருந்தால் நேரே தலைவர் நாற்காலிக்கே போகலாம். ஊர்முறையில் அது கஷ்டம். இளவட்டமாக இருக்கும்போதே ‘தொபில்’ ஆக, அதாவது ஊர்க்காவலும் எடுபிடியுமாகத் தொடங்க வேண்டும். கையில் ஒரு தடி. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அப்புறம்தான் படிப்படியாக மேலே. கூடவே ‘தெக்கியோ’ வேறு: பாதை செப்பனிட, பள்ளிக்கூடம் கட்ட, மண்வெட்டியோடு கூலியில்லாமல் வந்து நிற்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவரையும் பல ஊர்கள் விடுவதில்லை. முறை வந்தால் திரும்பி வா, இல்லையா, பணம் கட்டு.

எனக்கு ஊர்முறைதான் பிடிக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. 2007-இல் சாந்தா மரியா கியெகோலானியில் யூஃப்ரோசினா குரூஸ் தலைவர் பதவிக்கு நின்றார். பெண் என்பதால் அவருக்கு விழுந்த வாக்குகள் செல்லாது என்றுவிட்டார்கள். அவர் விடவில்லை, பின்னாளில் மாநிலச் சட்டமன்றத்துக்கே தலைவரானார், அதுவும் ஒரு கட்சியின் வழியாக.