போர்ட் அடிலெய்டின் ஆறா, ஸ்டர்ட்டின் ஐந்தா?

அடிலெய்டில் பழைய ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ரசிகர்கள் கூடினால், எந்த அணியின் சாதனை பெரிது என்ற இந்தப் பேச்சு வராமல் போகாது. தெற்கு ஆஸ்திரேலிய லீக்கில் 1954 முதல் 1959 வரை போர்ட் அடிலெய்டுக்குத் தொடர்ந்து ஆறு பட்டங்கள். 1966 முதல் 1970 வரை ஸ்டர்ட்டுக்குத் தொடர்ந்து ஐந்து. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஆட்டத்தைப் பார்த்தால் முடியாது. பயிற்சியாளர் ஃபோஸ் வில்லியம்ஸ் வளர்த்த போர்ட், துறைமுகப் பகுதி அணி. முட்டி மோதிப் பந்தைப் பறி, நேரே முன்னால் உதை, அவ்வளவுதான். 1959இல் ஜெஃப் மோட்லி பொறுப்பேற்ற பிறகும் பட்டம் கைமாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டர்ட்டின் பயிற்சியாளர் ஜாக் ஓட்டி கையை நம்பியவர். ஒரு உள்ளங்கையில் பந்து, மறு கையை மடக்கி ஒரு குத்து. எதிராளி பாய்ந்து வருவதற்குள் பந்து பக்கத்தில் ஓடுகிறவனிடம் போயிருக்கும்.

1965 இறுதியாட்டத்தில், அடிலெய்டு ஓவலில் 62,543 பேர் முன்னிலையில், போர்ட் மூன்றே புள்ளியில் ஸ்டர்ட்டை வென்றது. அடுத்த மூன்று வருடமும் அதே போர்ட்டை இறுதியில் வீழ்த்தித்தான் ஸ்டர்ட் பட்டம் வாங்கியது. எனக்குத் தராசு அங்கேதான் சாய்கிறது. போர்ட்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், விரலை விட்டு ஆறு வரை எண்ணிக் காட்டுவார்கள்.