சினை மாட்டுக்குத் தாது உப்பு: பொட்டலம் சொல்வதும் உண்மையும்

தீவனக் கடையில் வாங்கிய ஒரு கிலோ பொட்டலத்தில் 'கன்றின் மரபணுவையே மாற்றும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது தவறு. மரபணுவின் எழுத்து வரிசை மாறாது. எந்த மரபணு விழித்திருக்கும், எது உறங்கும் என்று முடிவு செய்ய உதவும் மெத்தில் குறிகள்தான் (மரபணுவின் மேல் ஒட்டும் சிறு வேதி அடையாளங்கள்) தாயின் தீவனத்தாலும் வெயிலாலும் மாறக்கூடும்.

ஆனால் சரக்கு நல்ல சரக்கு. கால்சியம் 20, பாஸ்பரஸ் 12 சதவீதம். அதைவிட எனக்குப் பிடித்தது 0.012 சதவீதக் கோபால்ட். முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் அதை வைத்துத்தான் பி12 வைட்டமினைச் செய்கின்றன. மெத்தில் குறிகளுக்கு அந்த பி12 வேண்டும்.

நாளுக்கு 50 கிராம், ஈரத் தவிட்டில் பிசறி வையுங்கள். தண்ணித் தொட்டியில் கொட்டினால் அடியில் மண் போலப் படிந்துவிடும். ஈனுவதற்கு 3 வாரம் இருக்கும்போது நிறுத்துங்கள். அப்போது கால்சியம் கூடினால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் வேலை மந்தமாகி, ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்து, பால் காய்ச்சலில் மாடு படுத்துவிடக்கூடும். பொட்டலத்தில் இந்த எச்சரிக்கை இல்லாதது பெரிய குறை.

புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகளில், சினையின் கடைசியில், பால் வற்றிய காலத்தில் வெக்கையில் வாடிய பசுக்களின் கிடேரிகள் பின்னால் குறைவாகவே கறந்தன. கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) மேயும் சினை மாட்டை உச்சி வெயிலில் வெள்வேல மரத்தடியில் கட்டுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும்.