சந்தனமா, ஆகாய நீலமா?

இரண்டு அறைகளுக்கு வண்ணம் அடிக்க வேண்டியிருந்தது. கூடம் மேற்குப் பார்த்தது. படுக்கையறைக்கு வடக்கே ஒரே ஜன்னல். பெயின்டர் ஷேடு கார்டை விரித்ததுமே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன.

நீலக் கட்சியின் முதல் வாதம், வெயிலுக்குக் குளிர்ச்சி என்பது. கண்ணுக்கு வேண்டுமானால் குளிர்ச்சிதான். மொட்டைமாடி வழியே இறங்கும் சூட்டை உள்சுவரின் நிறம் ஒன்றும் செய்யாது. அதற்கு மாடியில்தான் வெள்ளை அடிக்க வேண்டும். இருந்தாலும் நான்கு மணி வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கூடத்துக்குள் விழும்போது, சந்தனச் சுவர் அந்த மஞ்சளை இரட்டிப்பாக்குகிறது. அறைக்கே காய்ச்சல் கண்டதுபோல் இருக்கும். வெளிர் நீலம் அதைத் தணித்துவிடுகிறது. கூடத்தில் நீலத்துக்கே என் ஓட்டு.

வடக்கு ஜன்னல் கதை வேறு. ஆண்டின் பெரும்பகுதி அங்கே நேர் வெயில் கிடையாது. வானத்தின் நீலச் சாயல் கொண்ட வெளிச்சம்தான். அதன்மேல் நீலத்தையும் பூசினால் கார்த்திகை மழை நாள்போல் அறை மங்கிவிடும். சந்தனம்தான் சரி.

அறை சிறியதென்றால் சூடான நிறமா, குளிர்ந்த நிறமா என்பதைவிட வெளிர்நிறமா, அடர்நிறமா என்பதே முக்கியம்.

இரவில் வந்தது சிக்கல். இரண்டு அடிச் சதுரமாக இரண்டு நிறங்களையும் சுவரில் அடித்துப் பார்த்தோம். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை டியூப் லைட்டில் சந்தனம் வெளிறிப் பச்சை பாய்ந்தது. 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் நீலம் அழுக்குச் சாம்பலானது. படுக்கையறை விளக்கை மாற்றினோம், பெயின்ட்டை மாற்றவில்லை. செலவு குறைவு.

கூடத்தின் காவித் தரையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வெயில் தரையில் பட்டதும் அதன் சிவப்பு எதிரொளித்து, முழங்கால் உயரம்வரை நீலச் சுவர் லேசான கத்திரிப்பூ நிறமானது. எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து அடித்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், இந்தப் பஞ்சாயத்தே வராது” என்கிறார். அந்த நாளில் நீலம் கலந்தது பழுப்பை அடக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டத்தான்.

மீந்த நீல டப்பா மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. சந்தனம் மீதமில்லை, சுவிட்சு போர்டைச் சுற்றி விரல் கறை விழுந்த இடங்களுக்கே தீர்ந்துவிட்டது.