ஸ்கேனா, ஸ்கெட்ச் பேனாவா? தண்டுவடம் அடிபட்ட நாய் தேறுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது

பின்னங்கால் இரண்டும் விழுந்துபோன நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மதுரையில் முதலில் கேட்பது இதைத்தான்: "ஒரு ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிரும்ல டாக்டர்?" மாதம் ஒன்று போனதும் அதே கேள்வி கொஞ்சம் மாறி வரும்: "காலை ஆட்டுற மாதிரி இருக்கு, இன்னொரு ஸ்கேன் பாத்துருவமா?" முதல் தடவை கேட்டால் நல்ல கேள்வி. இரண்டாம் தடவை கேட்டால் பெரும்பாலும் காசுக்குக் கேடு. எங்கே அடி, அறுக்க வேண்டுமா என்று சொல்லும் கருவி வேறு. வாரத்துக்கு வாரம் தேறுகிறதா என்று சொல்வது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அறுவைக்கு வைத்திருந்த பணம் படத்துக்குப் போகிறது.

எந்த நாய் என்பதையும் பார்க்க வேண்டும். கே.கே. நகர் வீட்டில் சோபாவிலிருந்து குதித்த டாஷ்ஹண்ட் ஒரு ரகம். அந்த இனத்தில் முதுகெலும்பு வட்டுகள், அதாவது டிஸ்க்குகள், சின்ன வயதிலேயே காய்ந்து சுண்ணாம்பு ஏறிவிடும்; முதுகெலும்பில் மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் பிதுங்கித் தண்டுவடத்தில் இடிக்கும். ரிங் ரோட்டில் லாரி தட்டிவிட்ட தெரு நாய் இரண்டாவது ரகம். அங்கே எலும்பே உடைந்தோ நழுவியோ இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கத்துக் கத்திவிட்டு உட்கார்ந்துபோன சிப்பிப்பாறை மூன்றாவது. எலும்பு உடையவில்லை, எதுவும் அழுத்தவும் இல்லை. வட்டின் துணுக்கு ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம், அல்லது வட்டின் சாறு வேகமாகப் பீச்சித் தண்டுவடத்தைக் கன்றச் செய்திருக்கலாம். மூன்றும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும்: பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வருகிற நாய்.

(தெரு நாய் விஷயத்தில் ஒன்று. விபத்தை யாரும் பார்க்கவில்லை, காயமும் இல்லை, கால் மட்டும் தளர்ந்து வருகிறது, தாடை தொங்குகிறது என்றால் வாயில் கை விடாதீர்கள். வெறிநோயும் இப்படி வரும். ஸ்கேன் பேச்சு அப்புறம்.)

விபத்து நாய்க்கு முதலில் எக்ஸ்ரேதான். ஊரில் உடனே கிடைப்பதும் மலிவானதும் அதுதான். ஆனால் அது எலும்பை மட்டும் காட்டும். தண்டுவடம் அதில் தெரியாது. சி.டி.யோடு ஒப்பிட்டால் முறிவுகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று எக்ஸ்ரேயில் தப்பிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. லாரி மோதிய நொடியில் எலும்பு எவ்வளவு விலகியது என்பது படத்தில் வராது. விலகிய எலும்பு பாதி திரும்பி வந்து நின்ற பிறகு எடுத்த படம் அது. படத்தில் விலகல் லேசாகத்தான் தெரியும், உள்ளே தண்டுவடம் அறுந்திருக்கும். தேறுவதைக் கவனிக்க எக்ஸ்ரேக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று: பிளேட்டு, ஸ்குரூ வைத்த நாய்க்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் எலும்பு கூடியதா, ஸ்குரூ இடம் பெயர்ந்ததா என்று பார்ப்பது. அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

மைலோகிராம் பழைய முறை. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சாயமருந்தை ஊசியால் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அழுத்தம் எந்த இடத்தில் என்று தெரியும், ஆனால் மயக்கம் தெளியும்போது சில நாய்களுக்கு வலிப்பு வரும். வேறு கருவி எட்டாத ஊரில் அறுவைக்கு முன் ஒரு தடவை எடுக்கலாம். தேறுவதைப் பார்க்க அதை மறுபடி எடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான போட்டி சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும்தான்.

டாஷ்ஹண்டுக்கு என் ஓட்டு பல நேரம் சி.டி.க்கு. சில நிமிடத்தில் முடியும், பல நாய்களுக்கு லேசான மயக்கமே போதும். சுண்ணாம்பேறிய வட்டுத் துணுக்கு அதில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சர்ஜனுக்கு அது போதும். லாரி அடிபட்ட நாய்க்கும் எலும்பைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க சி.டி.தான். ஆனால் அந்தச் சிப்பிப்பாறையை சி.டி.யில் படுக்க வைத்தால் ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது. தண்டுவடத்துக்கு உள்ளே நடப்பது எம்.ஆர்.ஐ.யில் மட்டுமே தெரியும். நீர் கோத்த இடம், கன்றிய இடம் எல்லாம் டி2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெளுத்துக் காட்டும். அழுத்தம் எதுவும் இல்லை என்று அது சொல்லிவிட்டால் அந்த நாயின் முதுகில் கத்தி வைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பதிலுக்கே கொடுத்த காசு தகும்.

அதற்கு விலையும் உண்டு. அரை மணி முதல் ஒரு மணி வரை முழு மயக்கம் வேண்டும், ஒவ்வொரு தடவையும். சின்ன நாயின் தண்டுவடம் ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. காந்தப்புலம் குறைந்த பழைய மெஷினில் அது மங்கலாகத்தான் விழும். 1.5 டெஸ்லா என்றால் நம்பிப் போகலாம். முதுகில் எஃகு ஸ்குரூ இருந்தால் சரியாக அதே இடத்தில்தான் படம் கெடும். மதுரையிலிருந்து தேனி, திருநெல்வேலி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோ, 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியோ, எங்கே போவதானாலும் எந்த மெஷின் இன்று ஓடுகிறது, மயக்க டாக்டர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாயைப் பலகையில் கட்டித்தான் காரில் ஏற்ற வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படத்தை எடைபோட ஓர் அழகான அளவுகோல் உண்டு. சிவாவா நாயும் ராஜபாளையம் நாயும் ஒரே அளவில்லை என்பதால் சென்டிமீட்டரில் அளக்க மாட்டார்கள். அந்த நாயின் முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் இரண்டாம் எலும்பு நீளத்தையே அலகாக வைத்துக்கொள்வார்கள். ரத்தக்குழாய் அடைப்பு வகையில், வெளுத்த பகுதி அந்த எலும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டிருந்தாலோ, தண்டுவடக் குறுக்குவெட்டில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்திருந்தாலோ நாய் தேறும் வாய்ப்பு இறங்கும்.

ஆக, முதல் நாள் எம்.ஆர்.ஐ. பின்னால் வரப்போவதையும் ஓரளவு சொல்கிறது. அப்படியானால் மாதா மாதம் எடுத்தால் இன்னும் தெளிவாகச் சொல்லாதா? சொல்லாது. வெளுப்பு என்பது முதல் வாரம் வீக்கமாக இருக்கும், பிறகு அதே இடத்தில் தழும்பாகவோ நீர்ப்பையாகவோ இருக்கும். நாய் நன்றாக நடக்கும்போதும் அது அங்கேயே கிடக்கலாம். அறுவை முடிந்து ஓடித் திரியும் நாய்களிலும் வட்டுத் துணுக்கு கொஞ்சம் மிஞ்சியிருப்பது சகஜம். அறுக்காமல் கூண்டு ஓய்விலேயே எழுந்து நடந்த நாய்களில் அழுத்தம் குறையாமலே இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். நடக்கிற நாயின் படத்தைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்துபோவதுதான் மிச்சம்.

படங்களில் ஒன்று மட்டும் தேறுதலை அளக்கவென்றே பொருத்தமானது: டிஃப்யூஷன் டென்சர் எம்.ஆர்.ஐ. மேலூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் கரைக்குள் ஒரே திசையில் ஓடும், கரை உடைந்தால் வயலெங்கும் பரவும். நரம்பிழைக்குள் நீரும் அப்படித்தான். இழை முழுதாக இருந்தால் நீளவாக்கில் நகரும், இழை சிதைந்தால் எல்லாப் பக்கமும் நகரும். அந்தத் திசையொழுங்கை எண்ணாக்கித் தருவதுதான் இந்த முறை. அடிபட்ட நாய்களில் அந்த எண் இறங்குவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நல்ல மெஷின், நீண்ட மயக்கம், எண்களைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஆள், மூன்றும் வேண்டும். இன்றைக்கு அது ஆராய்ச்சிக் கூடத்துப் பொருள், உங்கள் வீட்டு நாய்க்கல்ல.

ஆராய்ச்சிக்காரர்களே எதை நம்பினார்கள் என்று பாருங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தண்டுவடம் அடிபட்ட 34 வளர்ப்பு நாய்களில் சிலவற்றுக்கு அவற்றின் மூக்கிலிருந்தே எடுத்து வளர்த்த செல்களை முதுகில் செலுத்தி, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தேறுதலைத் தீர்மானித்தது ஸ்கேன் இல்லை. நாயை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, முன்னங்காலும் பின்னங்காலும் தாளம் சேர்கிறதா என்று கேமராவில் அளந்தார்கள். தாளம் சேர்ந்தது. ஆனால் மூளைக்கும் பின்னங்காலுக்கும் இடையே மின்செய்தி போகிறதா என்று தனியாகச் சோதித்தபோது அந்த வழி திறந்திருக்கவில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் தானாகவே கால்களை எட்டு வைக்கச் செய்யும் என்பதால் இது நடக்கக்கூடியதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியதும் அதன் எளிய வடிவம்தான். வாரம் ஒரு நாள், அதே இடத்தில், வழுக்காத தரையில், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுங்கள். டைல்ஸ் வேண்டாம், மொட்டை மாடி சிமெண்டு நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

டாக்டர் கையால் பார்ப்பது இரண்டு. ஒன்று ஆழ்வலி. விரல் எலும்பை இடுக்கியால் அழுத்தினால் நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். காலை இழுத்துக்கொண்டால் மட்டும் போதாது. அது தண்டுவடத்தின் அனிச்சை, மூளைக்குச் செய்தி போனதற்கு அடையாளமில்லை. "கால இழுக்குதே சார்" என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம், சொல்லத்தான் வேண்டும். வட்டு பிதுங்கிய நாய்க்கு ஆழ்வலி இருந்தால் அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பதுக்கு மேல் நடக்கும். போயிருந்தால் பாதிக்குப் பாதி. எலும்பு முறிந்து ஆழ்வலியும் போயிருந்தால் நடப்பது அபூர்வம். எந்த ஸ்கேனும் இதைத் தாண்டிப் பெரிதாகச் சொல்லிவிடுவதில்லை.

இரண்டாவது, தலைப்பில் சொன்ன ஸ்கெட்ச் பேனா. இடுப்பிலிருந்து முன்னோக்கி முதுகுத் தோலை மெல்லக் கிள்ளிக்கொண்டே வந்தால், அடிபட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து தோல் துடிக்க ஆரம்பிக்கும். அந்த எல்லையில் மழித்த தோலில் ஒரு கோடு போடுவார்கள். கோடு வாலை நோக்கி இறங்கினால் நல்லது. தலையை நோக்கி ஏறினால், அதுவும் முதல் வாரத்தில் ஏறினால், தண்டுவடம் கரைந்துகொண்டே மேலே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆழ்வலி போன நாய்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்துக்கு இது வரும்; மூச்சுத் தசை வரை போய் உயிரை எடுத்துவிடும். ஆஸ்பத்திரிகளில் இந்தக் கோட்டைத் தினம் பார்க்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யைத் தினம் எடுக்க முடியாது.

அல்ட்ராசவுண்டைப் போட்டியிலேயே யாரும் சேர்ப்பதில்லை, எலும்பைத் தாண்டி அதனால் தண்டுவடத்தைப் பார்க்க முடியாது என்பதால். ஆனால் மறுபடி மறுபடி எடுக்க ஒரு படம் வேண்டுமென்றால் நான் சொல்வது அதைத்தான், முதுகில் இல்லை, சிறுநீர்ப்பையில். மயக்கம் வேண்டாம். நாய் தானாக ஒண்ணுக்குப் போன பிறகு உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தால் நரம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்கு நல்ல துப்பு. முடங்கிய நாயைப் பின்னால் வாட்டுவதும் பெரும்பாலும் தேங்கிய சிறுநீரில் வரும் தொற்றுதான்.

இரண்டாவது எம்.ஆர்.ஐ. வேண்டிய நேரமும் உண்டு. தேறி வந்த நாய் திடீரெனப் பின்னுக்குப் போனால், அறுவைக்குப் பின் வலி கூடினால், இன்னொரு வட்டு பிதுங்கியிருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால் எடுங்கள். அதற்காகவே முதல் ஸ்கேனின் பிலிமோடு நிற்காமல் முழுப் படங்களையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி வையுங்கள். முடிந்தால் இரண்டாவதையும் அதே மெஷினில் எடுங்கள், அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.