கழுத்தில் சொடக்கு: தலைவலிக்குக் கைரோபிராக்டிக் எந்த அளவுக்கு உதவும்?

சிங்கப்பூர்க் கடைத்தொகுதிகளில் "முதல் வருகைக்குச் சலுகை விலை" என்று பலகை வைத்திருக்கும் கைரோபிராக்டிக் (முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சை) நிலையங்களின் தலைவலிச் சிகிச்சை பற்றிய மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிடரியில் தொடங்கி மேலேறும் தலைவலி என்றால் போய்ப் பார்க்கலாம். ஒற்றைத் தலைவலிக்குப் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம். எந்தத் தலைவலியானாலும் முதல் நாளே, பல அமர்வுகளுக்கு முன்பணம் கட்டும் பேக்கேஜ் வாங்க வேண்டாம்.

எந்த வகை என்று எப்படித் தெரியும்? தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல இரு பக்கமும் அழுத்தினால் அது பெரும்பாலும் இறுக்கத் தலைவலி. பொதுவாகக் காணப்படுவது இதுதான். விண்விண் என்று தெறித்து, குமட்டலோடு, வெளிச்சமே ஆகாமல் போனால் ஒற்றைத் தலைவலி. கழுத்தைத் திருப்பினால் கூடுவதும், எப்போதும் ஒரே பக்கம் பிடரியிலிருந்து கண்ணுக்குப் பின்னால் வரை வருவதும் கழுத்திலிருந்து கிளம்பும் வலி. மேல் கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முப்பிரிவு நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால், கழுத்தின் கோளாறு நெற்றியில் வலியாகத் தெரிகிறது. கைரோபிராக்டருக்கு உண்மையில் வேலை இருப்பது இந்த மூன்றாவது வகையில்தான்.

நல்ல நிலையம் முதல் 20 நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மாதத்தில் எத்தனை நாள் வலி, எத்தனை நாள் மாத்திரை என்று கேட்பார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாய் நெஞ்சைத் தொடும்படி கழுத்தை மடக்கி, அப்படியே இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 பாகை திரும்பும். ஒரு பக்கம் மட்டும் 10 பாகைக்கு மேல் குறைந்தால் மேல் கழுத்து மூட்டில் பிடிப்பு இருக்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு நேரே எக்ஸ்ரே எடுத்து, "கழுத்தின் வளைவு போய்விட்டது" என்று பயமுறுத்தும் இடத்துக்கு மதிப்பெண் குறைவுதான். வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் அந்த வளைவு இல்லாமல் இருப்பதுண்டு.

"டக்" என்ற சொடக்குச் சத்தத்தில் எலும்பு எதுவும் "இடத்துக்கு வருவதில்லை". மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாகும் சத்தம் அது. அரிதாக, கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர், எலும்பு அடர்த்தி குறையும் எலும்புப்புரை அல்லது முடக்குவாதம் உள்ளோர், அண்மையில் கழுத்தில் அடிபட்டோர் இதைத் தவிர்க்கவேண்டும். சொடக்கு இல்லாமல் மெல்ல அசைத்துத் தளர்த்தும் முறையும் உண்டு, கேட்டு வாங்கலாம். இடி இறங்கியதுபோலத் திடீரென வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்குச் சிகிச்சை மேசை வேண்டாம், 995ஐ அழையுங்கள்.

பேக்கேஜ்தான் பெரிய குறை. 2002இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், கழுத்துத் தலைவலி உள்ள 200 பேர் 6 வாரம் பங்கேற்றனர். சிகிச்சை அதிகபட்சம் 12 முறை. கைச்சிகிச்சையும் கழுத்துப் பயிற்சியும் தனித்தனியாகவே பலன் தந்தன. 12 மாதம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது. அப்படியிருக்க 40, 50 அமர்வுகளுக்கு முன்பணம் எதற்கு? 4 முறை போயும் வலி வரும் நாட்கள் குறையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புத் திட்டமான மெடிசேவிலிருந்தும் இதற்குப் பணம் எடுக்க முடியாது. தொழில் செய்வோரைப் பதிவுசெய்யும் 2011இன் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் உண்டு, கைரோபிராக்டர்கள் இல்லை. ஆகவே எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்று நேரடியாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரை வாங்கினால் மருத்துவமனைப் பிசியோதெரபி மானியத்தோடு கிடைக்கும். காத்திருப்பு இருக்கலாம், ஆனால் பேக்கேஜ் தொல்லை இல்லை.

நிலையத்துக்குப் போகுமுன் 4 வாரம் வீட்டில் முயலவேண்டியவை இரண்டு. முதலாவது கோப்பி. வார நாளில் காலை 7 மணிக்குக் குடிப்பவர் ஞாயிறு 11 மணிவரை தூங்கினால் மதியத்துக்குள் மண்டையிடி வரத்தான் செய்யும். காஃபீன் தவறியதும் தூக்கம் கூடியதும் சேர்ந்த வேலை அது. ஞாயிறும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். குறைப்பதென்றால் வாரத்துக்கு ஒரு கப் வீதம் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வலிக்குப் பெனடால் எக்ஸ்ட்ரா போடுவோருக்கு ஒரு செய்தி: ஒவ்வொரு மாத்திரையிலும் 65 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளும், காஃபீன் கலந்ததை 10 நாளும் எட்டி, அது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். அந்த நிலையில் எந்தச் சொடக்கும் எடுபடாது. கோடாலித் தைலம் தடவலாம், கண்ணில் படாமல்.

இரண்டாவது முகவாய்ப் பயிற்சி. மெல்லிய துண்டை மடித்துத் தலைக்கு வைத்து மல்லாந்து படுங்கள். "ஆமாம்" என்று தலையாட்டுவதுபோல முகவாயைத் தொண்டைப் பக்கம் மெல்ல இழுத்து 10 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, நாளைக்கு இரு வேளை. தலையைத் தூக்கினால் கழுத்தின் முன்புறப் பெரிய தசைகளே வேலையைப் பறித்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சின்னத் தசைகள் சும்மா கிடக்கும். விரலை முன்கழுத்தில் வைத்துப் பாருங்கள்; கயிறுபோல் புடைத்தால் அழுத்தம் அதிகம், பாதியாகக் குறையுங்கள்.